இரண்டாவது மருமகளுக்கு ஒரு துண்டு

கங்னங்
1998 மார்ச் 14

இன்சுக் அக்காவுக்கு,

பெண் குழந்தை. பிப்ரவரி 26 காலையில் பிறந்தாள். பெயர் பொராம். பையன்தான் என்று பந்தயம் கட்டினீர்களே, கல்லூரி வாசல் கடை நூடுல்ஸ் ஒரு கிண்ணம் எனக்குத் தர வேண்டும்.

நன்றாக இருக்கிறோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படித்தானா என்று எனக்கே தெரியவில்லை. அவள் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறேன். விரல் பட்டு விழித்து அழுகிறாள். ஏன் அழுகிறாள் என்று தெரியாமல் நானும் அழுகிறேன். "ஒரே நேரத்துல ரெண்டு குழந்தைய வளக்கிறேன்" என்று மாமியார் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இனிமேல்தான் விஷயம். நாம் இருவரும் தேர்வுக்குப் படிக்கும் பாடப்புத்தகம் பறிபோய்விட்டது. பிள்ளை பெற்றவள் நூறாம் நாள் வரை எழுத்துப் பக்கம் கண்ணைத் திருப்பக் கூடாதாம். "இப்பப் படிச்சேன்னா நாப்பது வயசுல ஊசில நூல் கோக்க முடியாது. எங்க அக்கா அப்படித்தான் கண்ணக் கெடுத்துக்கிட்டா" என்கிறார். விடுப்பில் வந்திருக்கிறேன், நிதியியல் முதுகலைக்கு இறுதி எழுத்துத் தேர்வு ஒன்றுதான் மிச்சம், அதைத் தவறவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று எவ்வளவோ சொன்னேன். "புத்தகம் என்ன, ஓடியா போயிரும்?" என்றார். ஓடவில்லை. பிளாஸ்டிக் தாளில் சுற்றி, டோஃபு அச்சின் மேல் பாரமாக ஏற்றிவிட்டார். சோயாப் பாலை உறையவைத்து அழுத்தி டோஃபு செய்து விற்பதுதானே அவர் தொழில். "நல்லா அழுத்துதும்மா. படிச்சவங்க எழுதினதாச்சே!" என்று பாராட்டு வேறு.

கடிதம் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "நான் படிச்சுக் காட்டறேன். உனக்குக் காது நல்லாத்தானே இருக்கு?" என்றார். முதலில் என் கணவர் ஜங்-தேதான் படித்துக் காட்டினார். "சிமெண்ட் மூட்டை எண்ற மாதிரி படிக்கிறான்" என்று அவர் கையிலிருந்து பிடுங்கிவிட்டார். மாமியார் நன்றாகவே படிக்கிறார், அக்கா. நிறுத்தி, ஏற்றி, இறக்கி. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அதனால் ஒரு யோசனை. மூலதனக் கட்டமைப்பு, பங்கு மதிப்பு என்று எழுதினால் முதல் வரியிலேயே கடிதம் டோஃபுவுக்கு அடியில் போய்விடும். குடும்ப வம்பாக எழுதுங்கள். அண்ணன் தம்பி, நாத்தனார், சொத்துச் சண்டை. பாடத்தை நான் பிரித்துக்கொள்கிறேன். ஜங்-தேயின் சிமெண்ட் ஆலையில் ஒரு ஷிஃப்டை நிறுத்திவிட்டார்கள். அடுத்தது எது என்று யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. இந்தப் பட்டம் இனி எனக்கு வெறும் ஆசை இல்லை.

மாமியார் சந்தைக்குப் போன நேரத்தில் எழுதுகிறேன். தபாலில் சேர்ப்பது ஜங்-தே. அதற்குமேல் எந்தக் கள்ளத்தனத்துக்கும் அவர் லாயக்கில்லை, அம்மா முகத்தைப் பார்த்ததும் உளறிவிடுவார்.

அவள் அசைகிறாள். போகிறேன்.

கியங்-ஆ

*

சின்சோன், சியோல்
மார்ச் 25

அன்புள்ள கியங்-ஆவுக்கும், இதை வாசித்துக் காட்டும் அம்மாவுக்கும்,

குழந்தை பிறந்த செய்தி தித்திப்பாக இருந்தது. இங்கே நான் நலம். எங்கள் விடுதிக்காரம்மா கிம்ச்சி ஊறுகாயில் மிளகாயைக் குறைத்துவிட்டார். நாடே கடனில் மூழ்கி இருக்கும் இருப்புக்கு இது போதுமாம்.

ஒரு குடும்பத்தின் கதை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஊர் வேண்டாம், பெயரும் வேண்டாம். மூன்று அண்ணன் தம்பிகள். மூத்தவருக்குப் பேருந்துகள், நடுவில் உள்ளவருக்குச் செருப்புப் பட்டறை, இளையவருக்கு மாவு ஆலை. வெளியே பார்த்தால் ராஜா வீடு.

உள்ளே கதை வேறு. மூத்தவர் வீட்டு உலையில் இரண்டு அரிசி கலந்து வேகும். சொந்த அரிசி ஒரு படி, கடன் அரிசி நாலு படி. கடன் அரிசிதான் மலிவு என்பது அவர் வாதம். கடனுக்குக் கட்டும் வட்டிக்கு அரசாங்கம் வரியில் விட்டுக்கொடுக்கிறதே! அது உண்மைதான். ஆனால் போன வருஷம் வரைக்கும் மலிவாக இருந்த அரிசி இந்த வருஷம் என்ன விலை என்று உனக்கே தெரியும். சோறு ஒன்றுதான், கலவையின் விலைதான் ஏறிப்போச்சு.

அதோடு விட்டதா? ஒருவர் கடனுக்கு மற்ற இருவரும் ஜாமீன். பேருந்து நின்றால் செருப்பும் நிற்கும், மாவும் நிற்கும். போதாக்குறைக்கு ஒருவர் தொழிலில் மற்றவர் பங்குதாரர். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடம் மூன்று பேரும் தனித்தனியாகச் சொத்தை அடுக்கினார்கள். ஒவ்வொருவரும் தன் தொழிலையும் சொன்னார், சகோதரர்கள் தொழிலில் உள்ள பங்கையும் சொன்னார். மூன்றையும் கூட்டிப் பார்த்த பெண் வீட்டார் மயங்கிப்போனார்கள்.

அப்படி மயங்கிக் கொடுத்த பெண்தான் இரண்டாவது மருமகள். அவள் பேரில் பிறந்த வீட்டு வயல் ஒன்று இருக்கிறது. கையெழுத்துக்குப் பதிலாகக் குத்தும் அவளுடைய பெயர் முத்திரை இப்போது யாரிடம் தெரியுமா? மூத்தவரின் மேசை இழுப்பறையில். "வீட்டுக்குள்ள என்னம்மா உன்னது என்னது" என்று வாங்கி வைத்துக்கொண்டார். அடுத்த ஜாமீன் பத்திரம் தயாராகிக்கொண்டிருக்கிறது. அவளுக்கும் இப்போதுதான் குழந்தை பிறந்திருக்கிறது.

பிள்ளை பெற்றவளுக்கு வைக்கும் கடற்பாசி சூப்பை மிச்சம் வைக்காமல் குடி.

இன்சுக்

*

கங்னங்
ஏப்ரல் 7

அக்கா,

என்ன காரியம் செய்துவிட்டீர்கள்!

மாமியார் இரண்டு தடவை படித்தார். முதல் தடவை எனக்கு. இரண்டாவது தடவை, தானாக, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு. "அடப்பாவி மூத்தவனே!" என்று தொடையில் அடித்துக்கொண்டார். "வீட்டுக்குள்ள உன்னது என்னது இல்லையாமே! அப்ப அவன் பொண்டாட்டி முத்திரை எங்க? அதக் கேக்கச் சொல்லு!"

மறுநாள் சந்தையில் டோஃபு விற்கும் அத்தனை பெண்களுக்கும் கதை தெரிந்துவிட்டது. கணவாய் விற்கும் கிழவி ஒருத்தி மூத்தவர் பக்கம் பேசினாளாம். இவர் அவளிடம் மீன் வாங்குவதை நிறுத்திவிட்டார். இல்லாத ஒரு மனிதனுக்காக எங்கள் வீட்டில் ஒரு வாரமாகக் கணவாய் இல்லை.

பாடம் எனக்குப் புரிந்தது. இரண்டு அரிசி, மூலதனச் செலவின் சராசரி. வரியில் விட்டுக்கொடுப்பதும் புரிந்தது. மாப்பிள்ளை பார்த்த கதையில்தான் முதலில் ஏமாந்தேன். நானும் மூன்றையும் கூட்டி அந்த வீட்டை மதிப்புப் போட்டுவிட்டேன். பிறகு பொராமைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கும்போது சட்டென்று உறைத்தது. இருப்பது ஒரே பேருந்துக் கொட்டகை, ஒரே பட்டறை, ஒரே ஆலை. ஒரே சோற்றை மூன்று தட்டில் காட்டி மூன்று பேர் சாப்பாடு என்கிறார்கள். சுற்றிச் சுற்றி வைத்திருக்கும் பங்குகளைக் கழித்தால்தானே உண்மையான மதிப்பு! போன பருவத்தில் நாம் இருவரும் சேர்ந்து செய்த ஆய்விலும் இதே தப்பு இருக்கிறது, அக்கா. நாலாவது அட்டவணை. எடுத்துப் பாருங்கள்.

மாமியார் சொல்லி அனுப்பியதை (இதை எழுத மட்டும் எனக்கு அனுமதி) அப்படியே எழுதுகிறேன்: "அந்தப் பொண்ணு கிட்டச் சொல்லு. மொதல்ல முத்திரையக் கையில வாங்கணும். சண்டை போட்டு இல்ல. பிள்ளை பேரப் பதியணும், ஆபீஸ்ல முத்திரை கேக்கறாங்கன்னு சொன்னா எவன் தராம இருப்பான்? வாங்கினா வாங்கினதுதான், திருப்பிக் குடுக்கப்படாது."

இதோடு வரும் பொட்டலம் உங்களுக்கு இல்லை. காய்ந்த கடற்பாசி, உலர்ந்த மீன், ஒரு பை சோயாப் பயறு. இரண்டாவது மருமகளுக்காம். "பிள்ளை பெத்த உடம்பு. அந்த வீட்ல யார் அவளுக்கு சூப்பு வெச்சுக் குடுக்கப் போறா?" என்று தன் கையாலேயே கட்டினார். அது வெறும் கதை என்று சொல்லாமல் நானும் கயிற்றைப் பிடித்துக்கொடுத்தேன். நீங்களே சாப்பிட்டுவிடுங்கள்.

பொராம் இந்த வாரம் எடை கூடவில்லை. மருத்துவர் கவலைப்படாதே என்கிறார். கவலைப்படாமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

கியங்-ஆ

*

சியோல்
ஏப்ரல் 21

அன்புள்ள கியங்-ஆவுக்கும் அம்மாவுக்கும்,

பொட்டலம் உரியவர் கைக்குச் சேர்ந்தது. அவள் சூப்பு வைத்துக் குடித்தாள். குடித்துவிட்டு அழுதாளாம், உப்பு கூடிப்போய்விட்டதென்று கணவனிடம் சமாளித்தாளாம்.

அம்மா, உங்கள் யோசனை பலித்தது. பிள்ளை பெயரைப் பதிய வேண்டும் என்று கேட்டாள். மூத்தவர் இழுப்பறையைத் திறந்து கொடுத்துவிட்டார். இப்போது தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள். பத்திரத்தில் ஒப்பம் கேட்டு இரண்டு தடவை ஆள் வந்தாயிற்று. "பாக்கலாம்" என்று மட்டும் சொல்கிறாள். முடியாது என்று சொல்லவில்லை. இன்று குத்தாத முத்திரையை நாளைக்கும் குத்தலாம், குத்தியதை எடுக்க முடியாதே. அப்படிச் சும்மா இருப்பதற்கே ஒரு விலை உண்டு, கியங்-ஆ. கண்ணுக்குத் தெரியாத விலை.

மூத்தவர் ஆசை காட்டுகிறார். இருபது வருஷம் கழித்து உன் பிள்ளைக்கு ஆயிரம் வொன் தருகிறேன் என்கிறார். இன்றைய வட்டியில் அந்த ஆயிரம் எவ்வளவு பெறும் தெரியுமா? நூற்றுக்கு இருபது என்று வைத்துப் பார்த்தேன். இருபத்தாறு வொன்.

இன்னொன்று. இதைக் கவனமாகக் கேள். மாவட்ட அலுவலகத்திலிருந்து அவளுக்குத் தாக்கீது வந்திருக்கிறது. ஜூன் 5, வெள்ளிக்கிழமை காலை, நேரில் வந்து கணக்கை விளக்க வேண்டும். வராவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள், மறு தேதி கிடையாது. அன்றைக்குத்தான் அவள் குழந்தைக்கு நூறாம் நாள். என்ன செய்வாளோ தெரியவில்லை. நீ என்ன நினைக்கிறாய்?

இன்சுக்

*

கங்னங்
மே 6

அக்கா,

இனி நீங்கள் வம்பு எழுத வேண்டாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

ஜூன் 5 என்று அவர் வாசித்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. தேர்வுத் தேதியை இப்படியா சொல்வது! நம் பொராமுக்கும் அன்றுதான் நூறாம் நாள். மாமியாரோ யோசிக்கவே இல்லை. கடிதத்தை மடியில் வைத்துவிட்டுத் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"போகணும். என்ன யோசனை? பிள்ளைய யாராச்சும் பாத்துக்குவாங்க. பேரு போனா வராது."

"நூறாம் நாள் விசேஷம்?" என்று கேட்டேன்.

"முன்னாடி வெச்சுக்கிட்டாப் போச்சு! விசேஷத்தத் தள்ளித்தான் போடக் கூடாது, முன்னாடி கொண்டார யாரு தடுத்தா? இதுகூடத் தெரியாம என்ன வீடு அது?"

இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நினைத்தேன். அங்கேதான் புத்தி பிசகினேன். "அத்தை, போக வேண்டியவ நான்தான்" என்று சொல்லிவிட்டேன். தேர்வு, பாடம், அரிசி, பங்கு எல்லாம் கொட்டினேன். அப்படி ஒரு குடும்பமே இல்லை, அக்கா கட்டிய கதை என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மடித்தார். "அப்ப நான் அனுப்பின கடற்பாசி?" என்றார்.

"இன்சுக் அக்கா சாப்ட்டிருப்பாங்க."

"நான் சந்தையில சண்டை போட்டது?"



நாலு நாளாகப் பேசவில்லை. சூப்பு மட்டும் வேளா வேளைக்கு வருகிறது, சூடு ஆறாமல். தட்டில் மீனை முள் எடுத்தே வைக்கிறார். அதைப் பார்த்தால் திட்டியிருந்தால் தேவலாம் என்று இருக்கிறது. புத்தகத்தை டோஃபு அச்சிலிருந்து எடுத்து, துடைத்து, என் படுக்கையருகே வைத்துவிட்டுப் போனார். திறந்தால் ஒரு வரி உள்ளே போகவில்லை. பக்கமெல்லாம் சோயா வாடை.

நான் வரப்போவதில்லை. அவரைக் கேலிப்பொருள் ஆக்கிவிட்டு, அவரிடமே பிள்ளையை ஒப்படைத்துவிட்டு எந்த முகத்தோடு பேருந்து ஏறுவேன்? அந்த இருபத்தாறு வொன் கணக்கும் மனசை அரிக்கிறது. பொராமுக்கு இருபது வயதாகும்போது நடக்கப்போவதெல்லாம் இன்றைக்கு இவ்வளவுதான் பெறுமா? அதை நம்பினால் எந்தத் தாயும் எழுந்து பால் கொடுக்க மாட்டாள். நான் படித்ததே தப்போ என்று தோன்றுகிறது.

உங்கள் மேல் கோபமில்லை. யோசனை என்னுடையதுதானே.

கியங்-ஆ

*

சியோல்
மே 13

கியங்-ஆ,

இந்தக் கடிதத்தை நீ படிக்காதே. அம்மா கையில் கொடு. எப்போதும் போல அவரே சத்தமாக வாசிக்கட்டும். நீ கேள்.

அம்மா, நான் உங்களிடம் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன். மாவட்ட அலுவலகத் தாக்கீது. அது இவளுடைய தேர்வு, அதில் சொன்ன நூறாம் நாளும் பொராமுடையது. மற்ற எதையும் நான் கட்டவில்லை. எனக்குக் கதை கட்ட வராது. வங்கியில் எட்டு வருஷம் வேலை பார்த்தவள் நான், இல்லாததை எழுதிப் பழக்கமில்லை.

இரண்டாவது மருமகள் என் தங்கை. பெயர் இன்யங். தேஜொனில் இருக்கிறாள். மூன்று அண்ணன் தம்பிகளும் அவள் புகுந்த வீடு. பேருந்து உண்டு, செருப்பு உண்டு, மாவு ஆலை உண்டு. மாப்பிள்ளை பார்க்கப் போனபோது மூன்று பேர் சொன்னதையும் கூட்டிப் பார்த்து மயங்கிய ஆள் வேறு யாருமில்லை, நான்தான். அப்போதே வங்கிக்காரி. அப்பாவிடம் தைரியமாகக் கொடுங்கள் என்றேன். கியங்-ஆ, நாலாவது அட்டவணையில் செய்த தப்பு முதல் தப்பு இல்லை.

முத்திரையை அவள் கொடுத்தது எனக்கு மார்ச்சில்தான் தெரியும். யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. அந்த நேரம் பார்த்து, குடும்ப வம்பாக எழுது என்று நீ கடிதம் போட்டாய். உனக்குப் பாடம் என்று சொல்லி என் பாரத்தை இறக்கி வைத்தேன். உன்னிடம்கூட மறைத்தேன். அதற்கு என்னைத் திட்டலாம், நேரில் வந்து.

அம்மா, உங்கள் பொட்டலத்தை நான் தொடவில்லை. ரயிலேறித் தேஜொனில் கொண்டுபோய்க் கொடுத்தேன். யார் அனுப்பியது என்று கேட்டாள். கங்னங்கில் உனக்கு ஒருத்தர் இருக்கிறார் என்றேன். பிள்ளை பெயரைப் பதிய வேண்டும் என்று கேள் என்ற உங்கள் யோசனையை அவள் காதில் சொன்னதும் நான்தான். நானே எட்டு வருஷப் படிப்பிலும் அனுபவத்திலும் அவளுக்கு நாற்பது யோசனை சொன்னேன். எல்லாமே சண்டை போடச் சொன்ன யோசனைகள். அவள் செய்யவில்லை. நீங்கள் சொன்னதைச் செய்தாள்.

போன வாரம் மூத்தவரின் பேருந்துகளைக் கடன்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். செருப்பும் மாவும் கூடவே. புதுப் பத்திரத்தில் இன்யங்கின் முத்திரை இல்லை. வயல் அவள் பேரில் இருக்கிறது. இப்போது அந்த வயலோர வீட்டில்தான் குடித்தனம்.

நீங்கள் சண்டை போட்டது இல்லாத மனிதனுக்காக இல்லை, அம்மா. கணவாய்க்காரியிடம் தாராளமாகச் சொல்லுங்கள்.

கியங்-ஆ, உனக்கு ஒன்று. முத்திரை குத்தாமல் காத்திருப்பதற்கு மதிப்பு உண்டு என்று எழுதினேன். பாடத்தின் மறுபாதியை எழுதவில்லை. காத்திருக்கவும் ஒரு கடைசித் தேதி உண்டு. அது தாண்டினால் அந்த உரிமை வெறும் காகிதம். இருபத்தாறு வொன் கணக்கு காசுக்கு மட்டும்தான். பிள்ளைகளை அந்தக் கணக்கில் எவனும் சேர்க்கவில்லை. புத்தகம் எழுதியவனுக்கும் அம்மா இருந்திருப்பாள்.

என் அறையில் இரண்டு பேர் படுக்க இடமிருக்கிறது. நூடுல்ஸும் இருக்கிறது.

இன்சுக்

*

கங்னங்
மே 27

அக்கா,

வாசித்தார். "என் தங்கை" என்ற இடத்தில் நிறுத்தினார். அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தார். பிறகு முடிவு வரை ஒரே மூச்சில். முடித்ததும் கடிதத்தை என் மேல் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார். பாத்திரங்கள் உருளும் சத்தம். நான் பொராமைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் போய் நின்றேன்.

"நான்தான் அப்பவே சொன்னேனே! பேரப் பதியணும்னு கேளுன்னு!" என்றார், முதுகைக் காட்டியபடியே. அழுகிறார் என்று தோளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"மன்னிச்சிருங்க, அத்தை."

"உன்ன யாரு கேட்டா? நீ பொய்யின்னு நெனச்சுச் சொன்ன. அது நெசமாப் போச்சு. அதுக்கு எப்படித் திட்றதுன்னு எனக்குத் தெரியல." கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார். "அந்தப் புத்தகத்துல எந்தப் பக்கம் இருக்க?"

சொன்னேன்.

"அவ்ளோதானா! இத்தனை நாளு என்ன பண்ணின?"

அக்கா, இதற்கு நான் என்ன பதில் சொல்வது?

அன்றிலிருந்து நான் படிப்பதில்லை. அவர் படிக்கிறார், நான் கேட்கிறேன். கண் கெடக் கூடாதல்லவா! டோஃபு இறுகும் வரை உட்கார்ந்து, நிறுத்தி, ஏற்றி, இறக்கி வாசிக்கிறார். சமன்பாடு வந்தால் "இங்க ஏதோ கோலம் போட்டிருக்கான், நீயே ஒரு நிமிசம் பாத்துக்க, உடனே கண்ண மூடிக்க" என்று காட்டுகிறார். பங்குதாரர்களை நிர்வாகிகள் ஏமாற்றும் அத்தியாயம் அவருக்கு மிகவும் பிடித்திருக்கிறது. "எல்லா ஊர்லயும் மூத்தவன் ஒருத்தன் இருக்கான்" என்கிறார்.

நூறாம் நாளை ஞாயிற்றுக்கிழமையே வைத்துவிட்டார். முன்னாடி கொண்டுவரத் தடையில்லை என்று அவர் வாயாலே சொன்னதாயிற்றே. வெள்ளை அரிசிக் கேக் நூறு வீட்டுக்குப் போனால் குழந்தைக்கு ஆயுசு கெட்டி. எங்கள் தெருவில் அவ்வளவு வீடு கிடையாது. அதனால் தேர்வுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை விடியலில் இன்னொரு தடவை ஆவியில் வைத்து, தேர்வுக் கூடத்துக்கும் கட்டித் தரப்போகிறாராம். பேராசிரியர்களுக்கும் கொடுக்க வேண்டுமாம். வாங்கியவர்கள் தட்டை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பதை அவர்களுக்கு யார் ஞாபகப்படுத்துவது? நீங்கள்தான்.

தனியாக ஒரு துண்டு, சிவப்புத் துணியில் கட்டியது வரும். அது இன்யங்குக்கு. அவள் பெயர் தெரிந்த பிறகும் மாமியார் "ரெண்டாவது மருமகளுக்கு" என்றுதான் சொல்கிறார்.

வியாழன் மதியப் பேருந்தில் வருகிறேன். பொராமுக்குப் புட்டிப்பால் பழக்கிவிட்டோம். என்னிடம் குடிக்கும்போது முகத்தைச் சுளிப்பவள் புட்டியைக் கண்டால் சிரிக்கிறாள். துரோகி. இருந்தாலும் பயமாகத்தான் இருக்கிறது. இரண்டு நாள் என் வாசனை இல்லாமல் தூங்குவாளா? போட்டிருந்த மேல்சட்டையைத் துவைக்காமல் அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வரலாம் என்று நினைக்கிறேன். சிரிக்காதீர்கள்.

கியங்-ஆ

*

சியோல்
ஜூன் 19

கியங்-ஆ,

முடிவைப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். தேறியவர்கள் வரிசையில் உன் பெயர் எனக்கு மேலே இருக்கிறது. கேக் சாப்பிட்டவர்கள்தானே திருத்தினார்கள் என்று சொல்லி என் மனசைத் தேற்றிக்கொள்கிறேன். கேள்வித்தாளில் ஒன்றையொன்று தாங்கும் மூன்று நிறுவனங்களைப் பார்த்ததும் நீ சத்தமாகச் சிரித்தது மேற்பார்வையாளருக்கு இன்னும் புதிராம். நான் சிரிக்கவில்லை. இந்தத் தடவை சரியாகக் கழித்தேன்.

பேராசிரியர் திருப்பித் தந்த தட்டில் வெள்ளை நூல்கண்டு ஒன்று இருந்தது. நீளமான ஆயுசுக்கு. அவருக்கும் ஒரு மாமியார் இருப்பார் போலிருக்கிறது.

சிவப்புத் துணியைத் தேஜொனுக்குக் கொண்டுபோனேன். கேக் கெட்டியாகிவிட்டிருந்தது. இன்யங் மறுபடி ஆவியில் வைத்து, தன் பிள்ளையின் உதட்டில் ஒரு துணுக்கு தொட்டு வைத்தாள், மீதியை அவளே தின்றாள். என்னைக் கேட்கவே இல்லை. துணியை வெறுமனே திருப்பக் கூடாது என்று வீடெல்லாம் தேடினாள். கொடுக்க அந்த வீட்டில் இப்போது அதிகம் ஒன்றும் இல்லை. கடைசியில் தலையணை உறைக்குள் கையை விட்டாள்.

துணிக்குள் இருப்பதை அம்மாவிடம் கொடு. அவள் சொன்னது இது: "என் கையில இருந்தா யாராச்சும் அழுதாக் குடுத்துருவேன், அக்கா. அவங்க கிட்ட இருக்கட்டும். நான் கேட்டா, முதல்ல நல்லாத் திட்டிட்டு அப்புறமாத் தரச் சொல்லு."

இன்சுக்

*

கங்னங்
ஜூன் 26

அக்கா,

மாமியார் துணியைப் பிரித்தார். உள்ளே விரல் நீள முத்திரை. மரம், முனையில் சிவப்பு மை காய்ந்து கிடந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தைத் திருப்பிப் படித்தார். "நோ இன்யங்" என்றார், குடும்பப் பெயரோடு. முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொன்னார்.

நான் தேறியதைச் சொன்னபோது, "தெரியும், நான்தானே படிச்சேன்" என்றதோடு சரி. இந்த முத்திரையைத்தான் நெடுநேரம் விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். ஜங்-தே, "அம்மா, இன்னொருத்தர் முத்திரைய நாம வெச்சிருக்கலாமா?" என்று கேட்டார். "நீ சும்மா இருடா. மூத்தவன் வாங்கி வெச்சது வேற. இது அவளாக் குடுத்தது" என்று ஒரே வெட்டு.

பொராம் என் மேல்சட்டையைத் தொடக்கூட இல்லையாம். பாட்டி மடியில் இரண்டு நாளும் சுகமாகத் தூங்கினாளாம். நான் திரும்பி வந்து தூக்கியதும் மட்டும் ஓவென்று அழுதாள். சந்தோஷ அழுகை என்கிறார் மாமியார். நான் நம்புகிறேன். நேற்றிரவு மூக்கடியில் ஒரே ஒரு தடவைதான் விரல் வைத்தேன்.

முத்திரையைச் சோயாப் பயறுப் பானைக்குள், அடியாழத்தில் புதைத்துவிட்டார். மூடியின் மேல் பாரம் வைக்க எதையோ தேடினார். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஆயிரம் பக்கம். நன்றாக அழுத்துகிறது.

உங்கள்
கியங்-ஆ